செவிலியர் எழுத வேண்டிய ஐந்து மீள்சிந்தனைக் குறிப்புகள்: என்எம்சி படிவம் ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் பணிபுரியும் செவிலியரும் மருத்துவச்சிகளும் தங்கள் பதிவைத் தக்கவைக்க மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ரீவேலிடேஷன் செய்ய வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 450 மணிநேரப் பணி, 35 மணிநேரத் தொழில்சார் கற்றல் (அதில் 20 மணிநேரம் பிறருடன் சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும்), பணி குறித்துப் பிறர் சொன்ன ஐந்து கருத்துகள், ஐந்து மீள்சிந்தனைக் குறிப்புகள் என்று இவர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அதாவது என்எம்சி, கேட்பவை ஒரு ஃபைலையே நிரப்பிவிடும். மற்றவற்றைச் சான்றிதழ்களையும் பணிப் பட்டியலையும் தேடியெடுத்து அடுக்கிவிடலாம். குறிப்புகளை மட்டும் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். நம் ஊர் நர்சிங் கல்லூரிகளில் கேர் பிளானையும் கேஸ் ஸ்டடியையும் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர்கள்கூட, 'நான்' என்று தொடங்கித் தன் வேலையைத் தானே எடைபோடும் ஒரு பக்கத்தின் முன் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தப் பக்கத்துக்கென என்எம்சி தரும் படிவம் எப்படி உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

படிவத்தை இணையத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒரு குறிப்புக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கு கேள்விகள். நடந்தது என்ன, அதிலிருந்து கற்றது என்ன, அதனால் உங்கள் பணிமுறையில் என்ன மாறியது, அது தொழில்நெறிக் கோவையோடு எப்படித் தொடர்புடையது என்பவையே அவை. நோயாளி, உடன்பணியாளர் என்று யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மேலேயே உண்டு. அலங்காரம் ஏதுமில்லை, அலுவலகத் தாள் போலவே இருக்கிறது.

இந்த நான்கில் உயிர்நாடி மூன்றாவது கேள்வி. எடுத்துக்காட்டாக, மறதிநோய் முற்றிய ஒரு மூதாட்டியின் மகள் வார்டில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "வலிக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், அம்மா இல்லை என்கிறார், நீங்களும் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போகிறீர்கள், தோளைத் தொட்டால் அவர் முகம் சுளிப்பதை யாரும் பார்க்கவில்லையே?" இதைப் பற்றி எழுதும் பலர் மூன்றாவது கேள்விக்கு 'இனி வலியைக் கவனமாக மதிப்பிடுவேன்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். அந்த வரியை யாரும் எந்த வார்டிலும் எழுதலாம். 'வலியைச் சொல்லத் தெரியாதவர்களிடம் 0 முதல் 10 வரை எண் கேட்பதை விட்டுவிட்டு, முனகல், முகபாவம், உடலசைவு, நடத்தை மாற்றம் போன்றவற்றைப் பார்த்து மதிப்பெண் இடும் ஆபி அளவுகோலைப் பயன்படுத்துகிறேன். படுத்திருக்கும்போது மட்டுமின்றி, புரட்டிப் படுக்கவைக்கும்போதும் பார்க்கிறேன். வலி வந்தால் அவர் என்ன செய்வார் என்று வீட்டாரைக் கேட்டு, ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் சொல்கிறேன்' என்று எழுதினால், படிப்பவருக்கு மறுநாள் காலை அந்தப் படுக்கையருகே என்ன நடக்கும் என்பது தெரிகிறது. 'மாறியது என்ன' என்று படிவம் கேட்பதால்தான் இந்த இரண்டாம் வகைப் பதிலுக்கு இடம் கிடைக்கிறது. தானாக நினைவேட்டில் எழுதும்போது நாம் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதில்லை. வருத்தப்பட்டதோடு பேனாவை மூடிவிடுகிறோம்.

குறை என்னவென்றால், 'ஏன் அப்படி நடந்தது' என்ற கேள்வி படிவத்தில் எங்குமே நேராகக் கேட்கப்படவில்லை. நடந்ததிலிருந்து கற்றதற்கு ஒரே தாவலாகப் போய்விடுகிறது. கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த மீள்சிந்தனைச் சுழற்சியில் விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என ஆறு படிகள் உண்டு. பிரிட்டனின் நர்சிங் மாணவர்களுக்கு அது அத்துப்படி. அதன் உணர்வுப் படி எனக்கு அவ்வளவு உவப்பானதன்று, ஏனெனில் 'மிகவும் கவலையாக இருந்தது' என்று கட்டாயத்துக்கு எழுதிய வாக்கியங்கள்தாம் அங்கே குவிகின்றன. ஆனால் பகுப்பாய்வுப் படி தவிர்க்க முடியாதது. மேற்சொன்ன மூதாட்டியின் விஷயத்தில் அந்தப் படியில் நின்று யோசித்தால், எண்ணைக் கேட்பது விரைவாக முடிகிறது, பதிவேட்டின் கட்டமும் எண்ணையே கேட்கிறது, 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டதும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்று மூன்று காரணங்கள் வெளிவரும். அவற்றில் ஒன்று என் பழக்கம், ஒன்று நேர நெருக்கடி, ஒன்று வார்டின் ஏற்பாடு. இவற்றைப் பிரித்துப் பார்க்காதவர் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்வார், அல்லது எதையுமே ஏற்கமாட்டார். எனவே படிவத்தின் இரண்டாவது கேள்விக்குள் 'ஏன்' என்பதற்கு நீங்களாகவே நான்கைந்து வரி ஒதுக்கிக்கொள்ளுங்கள்; கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நான்காவது கேள்வி பலரைச் சடங்கில் கொண்டுபோய் விடுகிறது. மக்களுக்கு முன்னுரிமை தருதல், திறம்படப் பணியாற்றுதல், பாதுகாப்பைக் காத்தல், தொழிற்பண்பையும் நம்பிக்கையையும் வளர்த்தல் என்று நெறிக்கோவைக்கு நான்கு பகுதிகள் இருப்பதால், நான்கையும் எழுதிவிட்டால் தப்பில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அதில் எந்த விதி இந்த நிகழ்ச்சியைத் தொடுகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதுவதே மேல்.

குறிப்பு எழுதினால் பிற்பாடு அதுவே நமக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்ற அச்சம் புதிதாக வருபவர்களிடம் நிறையவே உண்டு. கவனக்குறைவால் ஒரு சிறுவனின் மரணத்துக்குக் காரணமானதாகத் தண்டனை பெற்ற ஹடிசா பாவா-கர்பா என்ற மருத்துவரின் வழக்கு 2018-இல் பெரும் விவாதமானபோது மருத்துவர்களிடையேயும் இதே அச்சம் எழுந்தது. மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், விசாரணைக்காக மீள்சிந்தனைக் குறிப்புகளைக் கேட்பதில்லை என்று தெளிவுபடுத்தியது. ஆனால் நீதிமன்றம் உத்தரவிட்டால் நிலைமை வேறு. செவிலியர் தம் குறிப்புகளை என்எம்சிக்கு அனுப்ப வேண்டியதில்லை, தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் வயது, படுக்கை எண், தேதி, அரிதான நோயின் பெயர் ஆகியவற்றை நீக்கியே எழுதுவது நல்லது. அவற்றை எடுத்துவிட்டால் கற்றலில் எதுவும் குறைவதில்லை.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது, எழுதிய ஐந்தையும் என்எம்சியில் பதிவு பெற்ற இன்னொருவருடன் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற விதியை. 'அந்த அளவுகோலை இரவு ஷிப்டில் யார் பயன்படுத்துகிறார்கள்?' என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, நான் தனியே எழுதிய ஒரு பக்கத்தைவிட என்னை நகர்த்தியிருக்கிறது. தலையாட்டும் நண்பரைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு மணிநேரம் தேநீரோடு போய்விடும். உங்கள் துறையை அறிந்த, சற்றே குத்திக் கேட்கக்கூடிய ஒருவரை அழையுங்கள்.

இதற்கென்றே ஆயத்தக் குறிப்புகளை விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் வரும் நோயாளி எந்த ஊரிலும் இல்லாதவர், ஆதலால் கலந்துரையாடலின் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். கட்டண நோட்டுப்புத்தகங்களும் செயலிகளும் தேதியை நினைவூட்டுவதற்கு உதவலாம். எழுதுவதற்கு இலவசப் படிவமே போதும். கடைசி மாதத்தில் ஐந்தையும் ஒரே மூச்சில் எழுதாமல், நிகழ்ச்சி நடந்த வாரத்திலேயே முதல் மூன்று கேள்விகளுக்குச் சுருக்கமாக எழுதிவைத்து, நான்காவதைக் கலந்துரையாடலுக்கு முந்தைய நாள் நிரப்பிக்கொள்ளலாம். முடித்தபின் பிரதிகளை அடுத்த ரீவேலிடேஷன் வரை பத்திரமாக வைத்திருங்கள்.