பசார் மாலாமில் கோசோங் பாப்கார்ன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரின் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பாப்கார்ன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சிவப்புக் குடை, பெரிய எவர்சில்வர் சட்டி, அவ்வளவுதான். மூன்று மாதமாக வாராவாரம் அவரிடம்தான் வாங்குகிறேன்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். எண்ணெய் பிழியும் மில்லில் வரிசை பிடித்துவிட்டால் இரண்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் முறுக்கும் பக்கோடாவும் தின்றே 94 கிலோவுக்கு வந்துவிட்டேன். "எண்ணெய்ப் பலகாரத்தை விடுங்க அண்ணே" என்றார் கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்). விட்டால் வேறு எதைக் கொறிப்பது?

முன்னால் தொங்கும் பொட்டலங்களை வாங்காதீர்கள். அத்தனையும் சீனிப் பாகு பூசியவை. "கோசோங் போடுங்க அக்கா" என்று கேளுங்கள், கோசோங் என்றால் சீனி சேர்க்காதது. ஆனால் ஐந்தரை மணிக்கே போய்விட வேண்டும். முதல் சட்டியில்தான் சீனி இல்லாமல் பொரிக்க முடியும். இரண்டாவது சட்டியிலிருந்து சீனி விழுந்துவிடும், அப்புறம் அடியில் பாகு பிடித்துக்கொள்ளும். இரண்டு கரண்டி எண்ணெய் சூடாகி, மூன்றே மூன்று சோளமணி போட்டுப் பார்த்து, அவை வெடித்த பிறகுதான் மீதியைக் கொட்டுகிறார். மூடியில் படபடவென்று அடிக்கும் சத்தம் குறைந்ததும் சட்டியைக் கவிழ்த்துவிடுவார். ஒன்றுகூடக் கருகாது.

ஒரே அளவுப் பொட்டலம் இரண்டை வீட்டுத் தராசில் வைத்தேன். கோசோங் 45 கிராம், பாகு போட்டது 110 கிராம். எண்ணெயில் பொரித்தது கிராமுக்கு ஏறக்குறைய 5 கலோரி. அப்படியானால் கோசோங் பொட்டலம் 225. சீனியில் கிராமுக்குக் கலோரி சற்றுக் குறைவு, ஆனாலும் இன்னொன்று 450-ஐத் தாண்டுகிறது! பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

எண்ணெயே இல்லாமல் சுடுகாற்றில் பொரித்தால் இன்னும் நல்லது. மூன்று கோப்பைக்கு 90 கலோரி சொச்சம், நார்ச்சத்து மூன்றரை கிராம். சோளமணி தவிட்டோடு முழுதாக வெடிப்பதால் அந்த நார் கிடைக்கிறது. வயிறும் நிறைந்தாற்போல இருக்கும். ஆனால் புரதம் குறைவு, அதனால் சீக்கிரம் பசிக்கிறது. நான் பக்கத்துக் கடையில் அவித்த கொண்டைக்கடலை கொஞ்சம் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறேன்.

என் மனைவிக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). அந்த மூன்று கோப்பையில் 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஒரு துண்டு ரொட்டியைவிடச் சற்று அதிகம். அதனால் அவளுக்குக் கிண்ணத்தில் அளந்துதான் கொடுக்கிறேன். நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

குறை ஒன்று உண்டு. மழை நாளில் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்துவிட்டார், வீடு வருவதற்குள் நமுத்துப்போனது. சொன்னதும் மறு வாரத்திலிருந்து காகிதப் பை. உப்பும் அவர் கை தாராளம். பாதி போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மஞ்சள் 'பட்டர்' தூளும் வேண்டாம், அதில் உப்பு நிறைய.

பை 3 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு இப்போது 89 கிலோ. தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீரை நிறுத்தியதும் அதற்குக் காரணம், பாப்கார்ன் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். ஆனால் மில் வரிசையில் முறுக்குப் பொட்டலம் என் லோரியில் இல்லாமல் போனது இந்த அக்காவால்தான்.