கண்புரை ஆபரேஷனுக்குப் பின்: எந்த லென்ஸில் எந்தத் தொல்லை?

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனவர், எழுத்துப் பலகையில் கேட்ட வரியையெல்லாம் படித்துவிடுகிறார். மருத்துவர் 6/6 என்று குறித்துக்கொள்கிறார். படித்தவர் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்கிறார். அல்லது, இத்தனை வருஷம் வெறுங்கண்ணால் படித்த மாத்திரை அட்டையை இப்போது படிக்க முடியவில்லை என்கிறார். ஆபரேஷனில் கோளாறு எதுவும் இல்லை, லென்ஸும் அதன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் அது செய்கிற வேலை வேறு, இவருக்கு வேண்டியிருந்த வேலை வேறு.

"எது நல்ல லென்ஸ்?" என்று கேட்டால் பெரும்பாலும் விலை உயர்ந்ததுதான் பதிலாக வரும். "எந்தக் குறையோடு என்னால் காலம் தள்ள முடியும்?" என்று கேட்டால்தான் லென்ஸ்களுக்கு இடையிலான உண்மையான வித்தியாசம் தெரியும்.

நம் கண்ணில் பிறவியிலேயே இருக்கும் லென்ஸ் இளமையில் வடிவம் மாறி, தூரத்தையும் பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியது. நாற்பது வயதைத் தாண்டியதும் அது விறைத்துப்போய் வெள்ளெழுத்து வந்தது. கண்புரையோடு அந்த லென்ஸை எடுத்துவிட்டு வைக்கிற செயற்கை லென்ஸுக்கு அப்படி வளைந்து கொடுக்கத் தெரியாது. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் லென்ஸைப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமான மூடியின் அக்ரிலிக் சில்லுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். அன்றிலிருந்து பொருளும் வடிவமும் எவ்வளவோ மாறிவிட்டன. இளமைக் கண்போல எல்லாத் தூரத்துக்கும் தானே மாறிக்கொள்ளும் லென்ஸ் மட்டும் இன்னும் கைகூடவில்லை. இன்று கிடைக்கும் வகைகள் எல்லாமே ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்து வேறொன்றை வாங்கித் தருபவைதான்.

மோனோஃபோக்கல்: ஒரே தூரம், ஆனால் தெளிவு

இதில் வெளிச்சம் முழுவதும் ஒரே தூரத்துக்குக் குவிகிறது. அதனால் அந்தத் தூரத்தில் காட்சி பளிச்சென்று இருக்கும். மங்கலான வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பைப் பிரித்தறிவது, மழை இரவில் சாலையோரத்தைப் பார்ப்பது போன்றவற்றில் இதுதான் கை கொடுக்கும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். படிக்கக் கண்ணாடி வேண்டும், ஏறத்தாழ பிளஸ் 2.5. கணினித் திரைக்கு அதில் பாதி.

இதில் ஏமாறுகிறவர்கள் யாரென்றால், கிட்டப்பார்வை உள்ளவர்கள். மைனஸ் 3 பவர் உள்ள ஒருவர் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீட்டரில் இருப்பதைத் துல்லியமாகப் பார்ப்பார். ஊசியில் நூல் கோப்பது, நகம் வெட்டுவது, படுக்கையில் புரண்டபடி படிப்பது எல்லாமே அவருக்கு வெறுங்கண் வேலைகள். அதை அவர் ஒரு வசதியாக நினைத்ததே இல்லை, அதனால் ஆபரேஷனுக்கு முன் யாரிடமும் சொல்வதும் இல்லை. தூரத்துக்கு லென்ஸ் வைத்த மறுவாரம் சுவர்க் கடிகாரம் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. ஆனால் கையில் இருக்கிற கைப்பேசி மங்கல். ஐம்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் தலைகீழாகிவிட்டது.

இப்படிப்பட்டவர்கள் அதே மோனோஃபோக்கலை மைனஸ் 2.5 மிச்சம் இருக்கும்படி வைக்கச் சொல்லலாம். 40 சென்டிமீட்டரில் படிக்க வெறுங்கண் போதும், வெளியே போகும்போது பழையபடி கண்ணாடி. ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாத இந்த ஏற்பாட்டை, கேட்டால்தான் பேசுவார்கள் என்பது என் எண்ணம். ஆகவே கேளுங்கள்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை ஓரளவு பக்கத்துக்குமாக வைப்பதும் உண்டு. மோனோவிஷன் என்பார்கள். பலருக்கு மூளை இதைச் சட்டை செய்யாமல் ஏற்றுக்கொள்கிறது. சிலருக்கு ஆழம் கணிப்பது தடுமாறும், படி இறங்கும்போது கால் தயங்கும். ஆபரேஷனுக்கு முன் காண்டாக்ட் லென்ஸ் போட்டு ஒத்திகை பார்க்க முடியும் என்பது இதன் பெரிய அனுகூலம். ஆனால் புரை முற்றிவிட்டால் அந்த ஒத்திகையில் ஒன்றும் தெரியாது.

மல்டிஃபோக்கல்: கண்ணாடி இல்லை, வளையம் உண்டு

இந்த லென்ஸின் மேல் நுண்ணிய வட்ட வரிகள் இருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை அவை தூரத்துக்குக் கொஞ்சம், பக்கத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போடுகின்றன. ஆரம்பகால இரு குவிய வகைகளில் இரண்டு தூரத்துக்கும் தலா 41 சதவீதம் போக, மீதி 18 சதவீதம் எதற்கும் உதவாமல் சிதறிப் போனது. இன்றைய மூன்று குவிய வகைகள் மேம்பட்டவை, நடுத்தூரமும் தருகின்றன. இருந்தாலும் பங்கு போடுவது பங்கு போடுவதுதான். நீங்கள் தூரத்தைப் பார்க்கும்போது பக்கத்துக்கான பங்கு மங்கலாக மேலே படிகிறது. தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிவது இதனால்தான். கறுப்பு எழுத்து சாம்பல் தாளில் அச்சிட்டது போல, வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வேறுபாடும் (கான்ட்ராஸ்ட்) சற்றுக் குறையும்.

மூன்று முதல் ஆறு மாதத்தில் மூளை பழகிக்கொள்ளும் என்று சொல்வது பொய்யில்லை, பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. வளையம் மறைவதில்லை, கவனிப்பது நின்றுவிடுகிறது. பழகவே முடியாமல் லென்ஸை மாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், குறைவுதான்.

இது யாருக்கு வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) பாதிப்பு, முற்றிய கண் அழுத்த நோய், விழித்திரையைத் தொட்டுவிட்ட சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம். ஏற்கெனவே அவர்களுக்கு அந்தக் கான்ட்ராஸ்டை உணரும் திறன் குறைவு. அதிலும் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? கடுமையான கண் உலர்வு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரவில் வண்டி ஓட்டுவதே பிழைப்பு என்றால் ஒதுங்கிவிடுவது நல்லது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஈடாஃப் (EDOF) வகை லென்ஸ். குவியத்தைப் பங்கு போடாமல் நீட்டிக் கொடுக்கிறது. தூரமும் கணினியும் சரி, பொடி எழுத்துக்கு லேசான கண்ணாடி தேவைப்படும். வளையத் தொல்லை பொதுவாக மல்டிஃபோக்கலைவிடக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டோரிக் என்பது தனிக் கட்சி இல்லை, மேலே சொன்ன எதிலும் சேர்த்து வரக்கூடிய சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளையாததால் வரும் பவர்) திருத்தம். கருவிழி வளைவில் கணிசமான சிலிண்டர் இருந்தால் இதற்குப் போகலாம், பலன் உறுதி. இதற்கென்று ஒரு சிக்கல் உண்டு: கண்ணுக்குள் லென்ஸ் சற்றே சுழன்றுவிடலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போகும். 30 டிகிரி திரும்பினால் போட்டும் போடாத கணக்கு. முதல் சில நாட்களிலேயே பார்வை கோணலாக மங்கினால் சொல்லிவிட வேண்டும், திருப்பி நிறுத்திவிடலாம்.

எந்த லென்ஸானாலும் வருபவை

முதல் நாள் மூட்டமாகத் தெரிவது கருவிழி வீக்கம். பெரும்பாலும் சில நாட்களில் வடியும். நீலம் திடீரென்று நீலமாகத் தெரியும், வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசும். அது கோளாறு இல்லை, புரையின் மஞ்சள் திரை விலகிய விளைவு. கண்ணோரத்தில் பிறை போன்ற நிழல் தெரிகிறது என்று சிலர் பயந்துபோய் வருவார்கள். லென்ஸ் விளிம்பு சார்ந்த விஷயம், பெரும்பாலோருக்கு சில மாதங்களில் மங்கிவிடும். உறுத்தலும் நீர் வடிதலும் உலர்வின் அறிகுறி. இதற்கிடையில் அவசரப்பட்டுக் கண்ணாடி வாங்க வேண்டாம், பவர் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அதே நான்கு முதல் ஆறு வாரத்தில்தான் சிலருக்கு இன்னொன்றும் வரும். நன்றாகத் தெளிந்த பார்வை மறுபடி மங்கும், நேர்கோடு நெளியும். மேக்குலாவில் நீர் கோத்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சொட்டு மருந்தில் வடிகிறது, ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று விடக்கூடாது.

மாதங்களோ வருடங்களோ கழித்துப் புரை திரும்பியது போல மங்குவது வேறு. எடுத்த புரை திரும்ப வராது, லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர் வெளுத்திருக்கும். யாக் லேசரால் சில நிமிடங்களில் அதில் ஒரு சாளரம் திறந்துவிடுவார்கள், வெட்டும் இல்லை, தையலும் இல்லை. பொதுவாக எளிய வேலை. ஆனால் மல்டிஃபோக்கல் வைத்து முதல் சில மாதங்களில் பார்வை பிடிக்கவில்லை என்று புலம்பும்போது, "யாக் போட்டுப் பார்ப்போமே" என்று ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். பையைத் திறந்துவிட்டால் பிறகு லென்ஸை வெளியே எடுத்து மாற்றுவது சிக்கலாகிவிடும். தொல்லை லென்ஸாலா பையாலா என்று தீர்மானமான பிறகுதான் லேசர்.

இவற்றில் எதிலும் சேராத இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது கண்ணுக்குள் கிருமித் தொற்று. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவது, ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பார்வையைத் தின்றுவிடும். முதல் வாரத்தில் வலி கூடிக்கொண்டே போய், கண் சிவந்து, பார்வை இறங்கினால், "நாளைக்குத்தான் பரிசோதனை" என்று காத்திருக்க வேண்டாம், நள்ளிரவானாலும் போக வேண்டும். இரண்டாவது விழித்திரை விலகல். பக்கவாட்டில் மின்னல் வெட்டுவது, திடீரென்று கொசுக்கூட்டம்போல் புள்ளிகள் கொட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது இதன் அறிகுறிகள். அதிக மைனஸ் பவர் இருந்தவர்கள் ஆபரேஷன் முடிந்து வருடங்கள் ஆன பிறகும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சரி, இந்த ஆபத்துகளை லென்ஸ் விலையாலோ கருவியாலோ தவிர்க்க முடியுமா? பெரிதாக இல்லை. ஃபெம்டோ லேசரால் வெட்டுவதும் புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சும் வழக்கமான ஃபேக்கோ முறையும் கடைசியில் தரும் பார்வையில் ஆய்வுகள் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. சிறுநீர்ப் பிரச்சினைக்கு டாம்சுலோசின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்வது அதைவிடப் பயன் தரும். அந்த மாத்திரையால் கண்ணின் பாவை ஆபரேஷன் நடுவே சுருங்கி, அதைச் சுற்றியுள்ள திரை தொய்யலாம். மருத்துவர் தெரிந்து வைத்திருந்தால் தயாராக இருப்பார். முன்பு லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லேசர் சிகிச்சை) செய்திருந்தாலும் சொல்லுங்கள், லென்ஸ் பவர் கணக்கே அதனால் தடுமாறும்.

என்னைக் கேட்டால், விழித்திரையில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல், கண்ணாடியே வேண்டாம் என்று உறுதியாக இருந்து, இரவு வளையத்தைப் பொருட்படுத்தாத ஆளுக்கு மட்டும் மல்டிஃபோக்கல். மற்றவர்களுக்கு மோனோஃபோக்கல், எந்தத் தூரத்துக்கு என்பதை நன்றாகப் பேசி முடிவு செய்து. முடியுமானால் இரண்டு கண்ணையும் அடுத்தடுத்து முடித்துவிடாமல், முதல் கண்ணோடு சில வாரம் வாழ்ந்து பாருங்கள். இரவில் வெளியே நடந்து பாருங்கள், திரையில் படித்துப் பாருங்கள். பிடிக்காததை மருத்துவரிடம் சொன்னால், இரண்டாவது கண்ணுக்கு வேறு லென்ஸோ வேறு தூரமோ வைத்துச் சமன் செய்ய அவருக்கு இடம் இருக்கும்.