விமானத்தில் படம் பார்க்க: அவர்கள் தரும் கருவியா, நம் போனா?

2003இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் பயணிகளிடம் டிஜிபிளேயர் என்ற கையடக்கக் கருவியைக் கொடுக்கத் தொடங்கியது. யோசனை, அங்கே பெட்டி ஏற்றி இறக்கிய ஒரு ஊழியருடையது! படங்கள் உள்ளேயே இருப்பதால் வைஃபை வேண்டாம். இருக்கைதோறும் ஒயர் இழுக்கும் செலவும் எடையும் மிச்சம். நகலெடுக்க முடியாதபடி பூட்டியிருப்பதால் புதுப் படங்களும் கிடைக்கும். ஆனால் சார்ஜ் போட்டு, துடைத்து, எண்ணித் திரும்ப வாங்குவதற்குள் ஊழியர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொரு வழி, விமானத்திலுள்ள சர்வர் என்ற கணினியிலிருந்து வைஃபையில் படம் நம் போனுக்கு வருவது. இதற்கு இணையம் தேவையில்லை. வைஃபை என்றாலே இணையம் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். திரை சின்னது, தீர்வதும் நம் பேட்டரி.

இரண்டு மணி நேரப் பயணமா, சரி, போனே போதும். எட்டு மணி நேரம் என்றால் நான் கருவியைத்தான் கேட்டு வாங்குவேன்.