சனிக்கிழமை ஆட்டம் வெள்ளிக்கிழமை ஆன கதை: 2023 உலகக் கோப்பை அட்டவணை, சேப்பாக்கம் கேலரியிலிருந்து ஒரு மதிப்பீடு

2023 ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பையில் சேப்பாக்கத்துக்கு ஐந்து ஆட்டங்கள் கிடைத்தன. அவற்றில் நியூசிலாந்தும் வங்கதேசமும் மோதிய ஆட்டத்தை மதுரையிலிருந்து சென்று பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆட்டத்தின் தரத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் மதிப்பிட விரும்புவது, பணம் கொடுத்து மைதானத்துக்கு வரும் பார்வையாளருக்கு விற்கப்பட்ட ஒரு சேவை என்ற வகையில் அந்தப் போட்டி அட்டவணையைத்தான்.

அட்டவணை வெளியான நாள் 2023 ஜூன் 27. முதல் ஆட்டம் அக்டோபர் 5. இடையில் சரியாக நூறு நாள்கள். 2015 போட்டியின் அட்டவணை 2013 ஜூலையிலேயே வந்துவிட்டது. 2019 போட்டியின் அட்டவணையும் ஓராண்டுக்கு மேல் முன்னதாக, 2018 ஏப்ரலில் வெளியானது. பத்து ஊர்களில் 48 ஆட்டங்கள் நடத்த வேண்டிய இந்தியாவில், ரயிலில் படுக்கை வசதியும் அலுவலகத்தில் விடுப்பும் எவ்வளவு முன்கூட்டிக் கேட்டாலும் கிடைக்காத திருவிழா மாதங்களில், இந்த நூறு நாள் என்பதே குறைவு. அந்தக் குறைவான காலத்திலும் 43 நாள்கள் கழிந்த பிறகு, ஆகஸ்ட் 9 அன்று, ஒன்பது ஆட்டங்களின் தேதியையோ நேரத்தையோ மாற்றினார்கள்.

மாற்றம் எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று புரியும். அகமதாபாத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அக்டோபர் 15 அன்று ஆடுவதாக இருந்தது. அன்று நவராத்திரியின் முதல் நாள் என்பதால் பாதுகாப்புக்குப் போதிய காவலர்களைத் தர இயலாது என்ற காரணத்தால் ஆட்டம் 14ஆம் தேதிக்கு நகர்ந்தது. (நவராத்திரி எப்போது தொடங்கும் என்பதை அறிய ஒரு பஞ்சாங்கம் போதும், அது ஜூன் மாதத்திலும் கடைகளில் கிடைத்தது.) பாகிஸ்தானுக்கு இடைவெளி வேண்டும் என்பதால் ஹைதராபாதில் இலங்கையுடன் அது ஆட வேண்டிய ஆட்டம் 12இலிருந்து 10ஆம் தேதிக்கு வந்தது. அதே 10ஆம் தேதி தர்மசாலாவில் பகலிரவாக இருந்த ஆட்டம் காலை 10.30 மணிக்கு மாறியது. லக்னோ ஆட்டம் ஒரு நாள் முன்னே வந்தது, டெல்லி ஆட்டம் ஒரு நாள் பின்னே போனது. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை உருவினால் மற்றவை சரிவது போல, ஒரே ஓர் ஆட்டத்துக்காக மற்ற ஐந்தும் இடம் பெயர்ந்தன. அப்படிப் பெயர்ந்தவற்றில் ஒன்றுதான் எங்கள் சென்னை ஆட்டம்: சனிக்கிழமை 14ஆம் தேதி காலை 10.30 என்றிருந்தது, வெள்ளிக்கிழமை 13ஆம் தேதி பிற்பகல் 2 மணி ஆனது.

தொலைக்காட்சி முன் அமர்பவருக்கு இது பெரிய மாற்றம் அல்ல. சென்னைக்கு வெளியிலிருந்து வருபவருக்கோ இது வேறோர் ஆட்டமே ஆகிவிடுகிறது. முதல் அட்டவணைப்படி வெள்ளி இரவு மதுரையில் ரயிலேறி, சனி காலை எழும்பூரில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டு மைதானத்துக்குப் போய், மாலை ஆறரைக்குள் வெளியே வந்து, அன்றிரவே பாண்டியன் விரைவு ரயிலில் ஊர் திரும்பிவிடலாம். ஒரு நாள் விடுப்பும் வேண்டாம், விடுதிச் செலவும் இல்லை. மாறிய அட்டவணைப்படி வியாழன் இரவே கிளம்ப வேண்டும், வேலை நாளில் விடுப்பு எடுக்க வேண்டும். தென் மாவட்டங்களுக்குச் செல்லும் முக்கியமான இரவு ரயில்களோ பத்து மணிக்கு முன்பே எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடுவதால், ஆட்டம் முடியும் வரை இருந்தால் அன்றிரவு தங்கியாக வேண்டும்.

எனக்கு முன்வரிசையில் ஒரு தந்தையும் பத்து வயது மதிக்கத்தக்க மகனும் அமர்ந்திருந்தார்கள். இரண்டாவதாக மட்டையாடிய நியூசிலாந்தின் முப்பதாவது ஓவர் அளவில் தந்தை எழுந்து, "தம்பி, இப்பக் கிளம்புனாத்தான் வண்டியைப் பிடிக்க முடியும்" என்றார். முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வந்த நியூசிலாந்து அணித் தலைவர் வில்லியம்சன் களத்தில் இருந்தார். அவர் மட்டையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பையன் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். களத்தடுப்பாளர் எறிந்த பந்து ஒன்று கட்டைவிரலில் பட்டு வில்லியம்சன் 78 ரன்னில் வலியோடு வெளியேறியதையோ, சக வீரர் மிட்செல் 89 ரன்னுடன் நின்று 43ஆவது ஓவரில் ஆட்டத்தை முடித்ததையோ அவன் பார்க்கவில்லை.

மைதானத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. உள்ளூர் அணி ஆடாத ஆட்டத்திலும் நல்ல பந்துக்குக் கை தட்டும் சேப்பாக்கத்தின் பழக்கம் மாறவில்லை. நியூசிலாந்துப் பந்துவீச்சாளர் போல்ட் தம் 200ஆவது ஒருநாள் விக்கெட்டை வீழ்த்தியபோது எழுந்த ஆரவாரம் எந்த ஊர் வீரருக்கும் குறைந்ததாக இல்லை. ஆனால் காலி இருக்கைகளும் கண்ணில் பட்டன. ஐந்து ஆட்டங்களும் சென்னைக்கு எந்தக் கிழமைகளில் வந்தன என்று பாருங்கள்: இந்தியா–ஆஸ்திரேலியா ஞாயிறு, மற்றவை வெள்ளி, புதன், திங்கள், வெள்ளி. அந்தத் திங்கள்கிழமை, அக்டோபர் 23, ஆயுத பூஜை விடுமுறையாக அமைந்தது. ஆப்கானிஸ்தான் முதன்முறையாக ஒருநாள் ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்று மைதானத்தைச் சுற்றி வந்ததைப் பார்க்க அந்த விடுமுறை உதவியிருக்கும். இருந்த ஒரே சனிக்கிழமையும் போனது, அகமதாபாத்தின் பண்டிகைக்காக.

டிக்கெட் விற்பனை தொடங்கியதே ஆகஸ்ட் 25 அன்றுதான், அதாவது மாற்றத்துக்குப் பிறகு. ஆகவே தேதி மாறியதால் டிக்கெட் பணத்தை யாரும் இழக்கவில்லை என்று வாதிடலாம். அந்த வாதம் பாதி உண்மை. ரயில் முன்பதிவு அப்போது 120 நாள்களுக்கு முன்பே திறந்தது. அட்டவணையை நம்பியவர்கள் டிக்கெட்டுக்காகக் காத்திராமல் பயணத்தைத்தான் முதலில் உறுதி செய்திருப்பார்கள். போதாக்குறைக்கு மின்சீட்டைக் காட்டி நுழையும் வசதியும் அப்போது இல்லை. காகித டிக்கெட் கையில் இருக்க வேண்டியிருந்தது.

இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கும் சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பான ஐசிசிக்கும் உள்ள சிரமங்களை நான் மறுக்கவில்லை. பாகிஸ்தான் அணி வருமா என்பதே நெடுநாள் கேள்வியாக இருந்தது. பண்டிகை நெரிசலில் காவல்துறையின் கவலையும் நியாயமானதே. ஹைதராபாதில் பாகிஸ்தான்–நியூசிலாந்து பயிற்சி ஆட்டம் அந்தக் காரணத்தால் பார்வையாளர் இல்லாமலே நடந்தது. ஆனால் அந்த நகரம் அடுத்தடுத்து இரண்டு நாள் ஆட்டம் நடத்துவது கடினம் என்று முறையிட்டபோது தேதி மாறவில்லை, அகமதாபாத்துக்காக மட்டும் மாறியது. கொல்கத்தாவின் காளி பூஜைக்காக நவம்பர் 12 ஆட்டம் 11க்கு மாறியதையும், அதன் விளைவாக இந்தியா–நெதர்லாந்து ஆட்டம் பெங்களூரில் தீபாவளி நாளுக்கு வந்து சேர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், யார் கேட்டால் மாறும், யார் கேட்டால் மாறாது என்பது விளங்கும்.

மைதானத்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், அட்டவணைக்கு ஒன்று. ரயில்வே இப்போது முன்பதிவுக் காலத்தை 60 நாளாகக் குறைத்துவிட்டது. அன்றே அந்த விதி இருந்திருந்தால், ஆகஸ்ட் 9 மாற்றத்துக்குப் பிறகுதான் அக்டோபர் 13க்கான முன்பதிவே திறந்திருக்கும்.