மின்வெட்டு ஊரில் ஒரு விண்டோஸ் 7 கணினி

ரங்கூன் அனோரதா சாலைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, கோயில் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. பழைய கோர் 2 டியோ கணினி ஒன்றில் விண்டோஸ் 7-ம், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் இன்னும் ஓடுகின்றன. இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் எல்லாம் அதில்தான். போன வருஷத் தீமிதி நோட்டீஸில் தேதியையும் உபயதாரர் பெயரையும் மாற்றிக் கொடுங்கள் என்று வருகிறவர்களே அதிகம். 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-ஐக் கைவிட்ட பிறகும் நான் விடாததற்கு அதுதான் காரணம். இணையத்தை மட்டும் பிடுங்கிவிட்டேன்.

இங்கே கரண்ட் சில மணி நேரம் இருந்தால் அடுத்த சில மணி நேரம் இருக்காது. சித்திரை வெயிலில் அதுவும் நிச்சயமில்லை. பழைய கணினிக்கு வரும் கோளாறில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் வந்தது நீலத்திரை. கரண்ட் வந்து பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் சின்னம் எட்டிப் பார்க்கும், உடனே 7பி என்று முடியும் பிழை எண்ணோடு திரை நீலமாகும். விண்டோஸின் சொந்தப் பழுதுநீக்கியான ஸ்டார்ட்அப் ரிப்பேர் வெகுநேரம் சுற்றிவிட்டு, தானாகச் சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரித்தது. டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றது ஒரு கடை. பக்கத்துத் தெருத் தம்பி வந்து பார்த்தான். "அண்ணே, கடிகாரத்தைப் பாருங்க, 2009-னு காட்டுது" என்றான்.

கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் இருக்கும் நாணயம் அளவு சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. சுவரில் கரண்ட் இருக்கும் வரை, கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் அந்தக் கரண்டிலேயே தன் அமைப்புகளைக் காத்துக்கொள்ளும். பேட்டரி செத்தது வெளியே தெரியாது. கரண்ட் போனதும் எல்லாம் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பும். எங்கள் போர்டில் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை, ஏஹெச்சிஐ என்ற புதிய வகையிலிருந்து ஐடிஇ என்ற பழைய வகைக்கு மாறிவிடும். விண்டோஸ் 7 எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதற்கான டிரைவரை, அதாவது டிஸ்க்கைக் கையாளும் நிரலை, மட்டுமே தொடக்கத்தில் ஏற்றும். முறை மாறினால் தன் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியாது. பேட்டரியை மாற்றி, பயாஸில் மறுபடி ஏஹெச்சிஐ வைத்ததும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வந்தது.

பிறகு டிஸ்க்குக்கே உண்மையான வியாதி வந்தது. கோப்பைத் திறந்தால் திணறும், உள்ளே டிக் டிக்கென்று சத்தம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் நான் பார்ப்பது மூன்றே வரிகள். 05 என்பது கெட்டுப்போனதால் ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி7 ஏறினால் முதலில் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கேபிளை மாற்றினாலும் சி7 எண் குறையாது, ஏறுவது நின்றால் சரி. எங்களுக்கு ஏறியது சி5.

இந்த இடத்தில் எல்லாரும் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக் டிஸ்க்கை ஓட்டச் சொல்வார்கள், அதுவும் கெட்ட இடங்களைத் தேடச் சொல்லும் /ஆர் போட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்பு அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் அது நல்ல மருந்துதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது முழுப்பரப்பையும் உருட்டிப் படிக்கும், அதில் எழுதவும் செய்யும், கோப்புகளைத் துண்டு துண்டாக எடுத்துத் தனி ஃபோல்டரில் போடும். நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸ் இயங்குதளத்தைக் கிளப்பி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை வைத்து இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்தோம். நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், மின்வெட்டில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அந்த மேப் கோப்பைப் பென் டிரைவில் வைக்க வேண்டும். யூஎஸ்பியிலிருந்து ஓடும் அந்த லினக்ஸின் நினைவகத்தில் வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். செக் டிஸ்க்கை நகலில்தான் ஓட்டினோம். சில படங்கள் போயின, நோட்டீஸ்கள் எல்லாம் திறந்தன.

இப்போது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டிருக்கிறோம். வேகம் அபாரம், சத்தமில்லை. மலிவான எஸ்எஸ்டிகளுக்கும் திடீர் மின்வெட்டு ஆகாது என்பதால், கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸும் கூடவே. இந்தப் புழுக்கத்தில் யூபிஎஸ் பேட்டரி சீக்கிரமே சோர்ந்துவிடுகிறது. வாங்குகிறவர்கள் மாற்று பேட்டரி இங்கே கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.