காபட் போட்டால் பெரிய ரோட்டா? மலையகத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்

இந்த மேப்பைக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் வாய் கூசும். தலவாக்கலைக்கு உள்ளே எங்கள் தோட்டத்துப் பக்கம் அதில் தெரிகிற கோடுகளில் பாதியை வரைந்தவன் நான்தான். ஓபன்ஸ்ட்ரீட்மேப் அப்படிப்பட்ட சாமான். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கினார்கள், பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள்தான் வரைகிறார்கள், ஒரு கணக்குத் திறந்தால் நீங்களும் திருத்தலாம். போனில் நான் பாவிப்பது ஓர்கானிக் மேப்ஸ், மலையேறப் போனால் ஓஸ்மாண்ட். இரண்டுமே இந்த ஒரே தரவை எடுத்துத்தான் காட்டுகின்றன, அதனால் இதை இரண்டுக்கும் சேர்த்த விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைஃபை இருக்கும்போது இலங்கையை ஒருதரம் இறக்கி வைத்துக்கொண்டால் போதும், ரம்பொடை வளைவுகளில் சிக்னல் போனாலும் மேப் போகாது. ஓர்கானிக் மேப்ஸில் விளம்பரமும் இல்லை. அதைவிடப் பெரிய விசயம், மற்ற மேப்புகள் வெறும் பச்சையாகக் காட்டிவிட்டுப் போகிற இடத்தில் இதில் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா இருக்கிறது, கோயிலிலிருந்து மேட்டு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஏறுகிற படிக்கட்டுகூட இருக்கிறது. யாராவது வரைந்திருந்தால், அதுதான் நிபந்தனை.

இனி என் கூத்து. எங்கள் தோட்டத்து ரோட்டில் இரண்டு கிலோமீட்டருக்குக் காபட், அதாவது வழுவழுப்பான தார், போட்டார்கள் (எப்போது என்று கேட்காதீர்கள், தேர்தல் வருகிற நேரம்தான்). கண்ணாடி மாதிரி ரோட்டைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. அதுவரை 'டிராக்' (தோட்டத்து வண்டிப்பாதை) என்று கிடந்ததை ஒரேயடியாகத் தூக்கி 'டேர்ஷரி' என்று போட்டேன், அதாவது ஊரையும் ஊரையும் இணைக்கிற ரோட்டு. காபட் கோயிலடியோடு முடிந்து அதற்கப்புறம் வெள்ளைக்காரன் காலத்துக் கல்லு ரோட்டு வருகிறதே, அதையும் சேர்த்துத்தான். எப்படியும் அதற்கும் போடுவார்கள் என்ற நம்பிக்கை.

ஒரு மாதம் கழித்துத் தங்கச்சி மகனுக்குக் காது குத்து. வெலிமடையிலிருந்து மாமா குடும்பம் வேனில் வந்தது. அவர்கள் நுவரெலியா வந்து, ஏ-7 ரோட்டைப் பிடித்து, நானுஓயா தாண்டி நேரே இறங்கியிருக்க வேண்டும். போனில் இருந்த மேப், நான் வரைந்த அதே கோட்டை நம்பி, நாலு கிலோமீட்டர் குறையும் என்று உள்ளே திருப்பிவிட்டது. காபட் இருக்கும்வரை எல்லாருக்கும் சந்தோசம். கல்லு ரோட்டில் மூன்றாவது முடக்கில் எதிரே கொழுந்து லொறி. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் மிசுட்டு (மூடுபனி). மாமா முந்நூறு மீட்டர் ரிவர்சில் வந்தார், பின்னால் அத்தை கைலாம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பயடா அந்த ரோட்ட மேப்புல போட்டது?" நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதே நேரத்தில், நேரில் பார்த்தேயிராத ஒரு சக திருத்துநர் என் மாற்றத்தின் கீழே குறிப்பு எழுதியிருந்தார். திட்டவில்லை, கேள்விதான் கேட்டார். இந்த ரோட்டில் தோட்டத்துக்கு வராத வாகனம் ஏதாவது போகிறதா? ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிறவன் இதைத் தேர்ந்தெடுப்பானா? தார் என்றால் மேற்பரப்பு என்ற தனி இடத்தில் தார் என்று எழுதுங்கள், அகலம் குறைவென்றால் அகலத்தில் எழுதுங்கள், ரோட்டின் வகை அது எதற்கு உதவுகிறது என்பதைப் பார்த்து வருவது. இதுதான் இந்த மேப்பின் அடிப்படை விதி, நான்தான் படிக்காமல் கை வைத்துவிட்டேன். மேற்பரப்பை யாரும் குறிக்காத இடத்தில் வழி சொல்கிற மென்பொருள் வகையை வைத்தே வேகத்தைக் கணக்குப் போடும். நான் டேர்ஷரி என்றேன், அதுவும் நம்பி, அந்தக் கல்லில் வேன் ஓடாத ஒரு வேகத்தைப் போட்டது. மாமா ரிவர்சில் வந்ததற்குக் காரணம் அந்த ஒரு சொல்.

அந்தச் சொற்களே ஒரு தலையிடி. பிரித்தானிய ரோட்டு முறையை வைத்து ஆரம்பித்ததால் 'அன்கிளாசிஃபைட்' என்று ஒரு வகை இருக்கிறது. கேட்டதும் என்ன நினைப்பீர்கள்? வகை தெரியாத ரோட்டு என்றுதானே. இல்லை, டேர்ஷரிக்கு அடுத்த படியில் இருக்கிற, எல்லாரும் போகக்கூடிய சின்ன ரோட்டு அது. புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

எந்த நாட்டில் எந்த ரோட்டுக்கு எந்த வகை என்பதை அந்தந்த நாட்டில் வரைகிறவர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். பெரிய ரோட்டில் நமக்குச் சண்டையில்லை. ஏ-யும் பி-யும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில், பலகையில் எண்ணே இருக்கிறது. பேராதனையில் கிளம்பி நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று செங்கலடி வரை போகிற ஏ-5ஐ யார் குழப்ப முடியும்? அதற்குக் கீழே சி, டி என்று மாகாணத்துக்குப் போகிறது, அங்கேயும் ஓரளவு சமாளிக்கலாம். தோட்டத்து ரோட்டில்தான் எல்லாரும் முழிக்கிறோம்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனதால், ஒரு கணக்கில் பார்த்தால் உள்ளே இருக்கிற ரோட்டு கம்பனி ரோட்டு. 'தனியார்' என்று போடலாம். போட்டால் என்ன ஆகும்? எங்கள் பணியக்கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்) ஆட்கள் குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் இருக்கிறது, காலையிலும் பின்னேரமும் பஸ் வருகிறது. அவ்வளவையும் வைத்துக்கொண்டு தனியார் என்று எழுதினால், நோயாளியை ஏற்ற வருகிற வெளியூர் சாரதிக்கு மேப் வழி சொல்ல மறுக்கலாம். திறந்த ரோட்டு என்று போட்டாலோ எல்ல பக்கம் போகிற சுற்றுலாக்காரன்கூட குறுக்கே வந்து மாட்டுவான். நாங்கள் நாலைந்து பேர் இரண்டு கிழமை எழுதிப் பேசி வந்த முடிவு இது: பஸ் ஓடுகிற வரை அன்கிளாசிஃபைட். அதற்கு மேலே லயத்துக்குப் போகிற பகுதி ரெசிடென்ஷல், ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) திரும்புவது சேர்விஸ். தேயிலை மலைக்குள் கொழுந்து ஏற்ற மட்டும் போகிறது டிராக், அதிலும் தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. அப்புறம் கல்லு ரோட்டுத் துண்டுக்கு, அங்கேயே போகிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு குறிப்பு, கடந்து போகிறவர்களை அது திருப்பிவிடும். ரயில் பாதையில் நடக்கிறோமே, அதை நடைபாதை என்று வரையலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்ன ஒரே விசயம் அதுதான்.

குறைகளும் இருக்கின்றன. பயண நேரத்தை நம்பாதீர்கள், வளைவையும் ஏத்தத்தையும் லொறிக்குப் பின்னால் ஊர்வதையும் அது சரியாகக் கணக்கெடுப்பதில்லை, நான் எப்போதும் பாதி நேரம் கூட்டிக்கொள்வேன். எங்கள் பக்கம் தமிழ்ப் பெயர்கள் இன்னும் குறைவு. தோட்டத்துக்கு இங்கிலீஷ் பெயர் இருக்கும், நாம் கூப்பிடுகிற பெயர் இருக்காது, அதை நாம்தான் எழுத வேண்டும், நானும் பாதியில் விட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்று, போனில் இறக்கியது பழைய மேப்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து மலையகத்தில் ரோட்டுகள் அடைபட்டபோது, முன்பு இறக்கி வைத்த மேப் அதே ரோட்டுகளைத் திறந்ததாகவே காட்டும். மழைக்காலத்தில் கிளம்பும் முன் புதுப்பித்துக்கொள்ளுங்கள், அதோடு அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு கோல் எடுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. ஹயர் ஓடுகிற வேன்காரர், தோட்டத்துக்குள் வேலைக்கு வருகிறவர், மலையேறுகிறவர் இறக்கி வைத்துக்கொள்ளலாம். மாமா அடுத்த தீபாவளிக்கு நேர் ரோட்டிலேயே வந்துவிட்டார். யார் போட்டது என்று இன்னும் அவருக்குத் தெரியாது.

நேற்று அதே திருத்துநரிடமிருந்து இன்னொரு கேள்வி வந்திருக்கிறது: ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கேட் வரைந்திருக்கிறீர்களே, அதை ராத்திரி பூட்டுவார்களா, எத்தனை மணிக்கு? வாச்சர் அண்ணனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டேன்.