மூவாயிரம் ரூபாய் மரக்கப்பல் கிட்: சென்னைக் காற்றுக்குத் தாங்குமா?

1:100 அளவில் (நிஜத்தில் நூறில் ஒரு பங்கு) இரண்டு பாய்மரம் கொண்ட ஸ்கூனர் என்ற பாய்க்கப்பலின் மாதிரியை நாமே கட்டும் கிட்டுகள் ஆன்லைனில் மூவாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. லேசரில் வெட்டிய பிளைவுட், உடல்மேல் ஒட்ட பாஸ்வுட் என்ற மென்மரப் பட்டிகள், நூல், பொடிப்பொடி கப்பிகள், ஒரு படத்தாள் இருக்கும். கட்டி முடித்தால் சுமார் 40 செ.மீ. நீளம் வரும். இந்த விலைக்கு மரம் நன்றாகவே இருக்கிறது, வெட்டும் சுத்தம். ஆனால் பெட்டியில் வருவதை மட்டும் நம்பி சென்னையில் இதைக் கட்டக்கூடாது.

பெட்டியைப் பிரித்ததும், கப்பலுக்கு முதுகெலும்பு போன்ற கீல் பலகையைக் கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள். 3 மி.மீ. பிளைவுட் கடற்காற்றின் ஈரத்தில் சுலபமாக வளையும். கீல் வளைந்தால் ஹல் (கப்பலின் உடல்) முறுகும், பாய்மரம் சாயும், பிறகு சரிசெய்யவே முடியாது. குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, செய்தித்தாள் சுற்றி, இரண்டு சமமான பலகைகளுக்கு நடுவே கனம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். நேரானதும் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை ஒட்டி, சட்டங்களுக்கு இடையே கீலின் இருபுறமும் மரக்கட்டைத் துண்டுகளை அடைத்து ஒட்டினால் மறுபடி வளையாது. இந்தக் கட்டைகளைக் கிட்டில் தருவதில்லை. என் கணக்கில் இதுதான் இதன் மிகப் பெரிய குறை.

லேசர் கருக்கிய ஓரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுமிடத்தை மட்டும் லேசாகத் தேய்த்துவிடுங்கள். முன்முனை, பின்முனைச் சட்டங்களின் ஓரத்தை 120 நம்பர் உப்புத்தாளால் சாய்வாக இழைக்க வேண்டும். ஒரு பட்டியைக் குறைந்தது மூன்று சட்டங்களின் மேல் வைத்துப் பார்த்தால் இடுக்கு தெரியக் கூடாது.

சட்டங்களின் மேல் பட்டி ஒட்டுவது பற்றிப் படத்தாள் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. நடுச்சட்டத்தில் கப்பலின் மேல்தட்டிலிருந்து கீல் வரை 60 மி.மீ. இருந்தால், 4 மி.மீ. பட்டி 15 பிடிக்கும். அதே 15 பட்டியும் முன்முனையில் 42 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் அங்கே 2.8 மி.மீ.க்குக் குறுக வேண்டும். சீவாமல் அப்படியே வளைத்து ஒட்டினால் பட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பின்முனையில் பெரும்பாலும் நேர்மாறு: இடைவெளி விரியும், அங்கே ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டும். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வளைத்து, கிளிப் போட்டுக் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டிய பட்டி காயும்போது சுருங்கி இடுக்கு விடும். இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றிப் போனால் ஹல் முறுகாது.

பசைக்குச் சாதாரண ஃபெவிகால் எஸ்எச் போதும். தண்ணீர் புகாத ரகம் வேண்டாம். இந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கப் போவதில்லை, நாளைக்கு ஒரு பட்டியைக் கழற்ற வேண்டி வந்தால் ஈரத்துணி வைத்தே இளக்கலாம். ஃபெவிக்விக் பட்ட இடத்தில் வெள்ளை பூக்கும், ஸ்டெயினும் (மரச்சாயம்) ஏறாது. தெரியும் பரப்பில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கிட்டோடு வரும் பருத்தி நூலை ஒதுக்கிவிடலாம். சிலிர்த்து நிற்கும், மழைக்காலத்துக்கும் வெயிலுக்கும் இறுகித் தளரும். பாலியஸ்டர் நூலில் 0.5 மி.மீ. தடிமன் பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கயிறுகளுக்கும், 0.2 மி.மீ. அவற்றின் குறுக்கே கட்டும் ஏணிப்படிக் கயிறுகளுக்கும் வாங்கி, தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். படத்தாள் சொல்லும் 6 மி.மீ. படி இடைவெளி தவறு: நிஜக் கப்பலில் அது 35 முதல் 40 செ.மீ. வரை இருக்கும், இந்த அளவில் 4 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 6 மி.மீ. விட்டால் அந்த ஏணியில் மாலுமி ஏறவே முடியாது!

துணைப்பொருள்களுக்கு அலைய வேண்டாம். நுனி மெலிந்த கட்டர், இடுக்கி, 1 மி.மீ. டிரில் பிட் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். தேக்கு வெனீருக்கு (மெல்லிய மரத்தகடு) சைடன்ஹாம்ஸ் ரோடு பிளைவுட் கடைகளில் துண்டு கேட்டுப் பாருங்கள். மேல்தட்டுக்கு அது பாஸ்வுட்டைவிட எவ்வளவோ அழகு. பட்டி ஓரங்களில் 2பி பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் கலப்பத்துக் கோடு (நிஜக் கப்பலில் பலகை இடுக்கை அடைத்த கருங்கோடு) தானாக விழும்.

பாய்மரம் ஒடிந்தால் வெறும் பசை நிற்காது. இரண்டு முனையிலும் 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்ட வேண்டும். வெட்டி எடுத்தபின் மிஞ்சும் பிளைவுட் ஓரத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்: பின்னால் பழுது பார்க்க அதே தடிமனில் மரம் கடையில் எளிதில் கிடைக்காமல் போகலாம்.